சுவரில் திரும்பி வரும் கல்

பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது எங்கள் வீட்டுக் கொல்லைக்கு ஒரு பழைய இரும்பு டிரம் வந்துவிடும். தாத்தா அதில் பாதிக்கு மேல் தண்ணீர் ஊற்றி, சாக்கிலிருந்து சுட்ட சுண்ணாம்புக் கட்டிகளை மண்வெட்டியால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளுவார். முதலில் ஒன்றும் நடக்காது. கட்டி அடியில் போய் உட்கார்ந்து சின்னச் சின்னக் குமிழ் விடும். அப்புறம் 'உஸ்' என்று ஒரு சத்தம். கட்டி விரிசல் விட்டுப் பிளக்கும். அடியிலிருந்து வெள்ளைக் குழம்பு புரண்டு மேலே வரும். கொஞ்ச நேரத்தில் டிரம் முழுக்கத் தளதளவென்று கொதிக்கும். ஆவி முகத்தில் அடிக்கும். பொழுது சாயும் வரை டிரம்மைத் தொட முடியாது.

"நெருப்பே வைக்கலையே தாத்தா, எப்படிக் கொதிக்குது?"

"காளவாயில அது குடிச்ச நெருப்புடா. தண்ணி பட்டதும் கக்குது."

காளவாய் என்றால் சுண்ணாம்பு சுடும் சூளை. அந்தப் பதிலில் பாதி சரி, பாதி தப்பு. எந்தப் பாதி சரி என்று புரிந்துகொள்ள எனக்கு வெகுகாலம் பிடித்தது. பள்ளியில் படித்த ஒரு சூத்திரம்தான் அதற்குக் குறுக்கே நின்றது. பனிக்கட்டி உருகுவது இயற்பியல் மாற்றம், அது மீளும். காகிதம் எரிவது வேதியியல் மாற்றம், அது மீளாது. பரீட்சைத் தாளில் இப்படி எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும், இன்றைக்கும் பிள்ளைகள் இதைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் அரிசியை மாவாக அரைத்தால் அதைத் திரும்ப அரிசியாக்க யாராலும் முடியாது. அது வேதியியல் மாற்றமா? இல்லை. மாவும் அதே அரிசிதான். சுண்ணாம்போ மூன்று முறை வேதியியல் மாற்றம் அடைந்து, கிளம்பிய இடத்துக்கே அச்சு அசலாகத் திரும்பி வருகிறது. ஆக, மீளுமா மீளாதா என்பது கேட்க வேண்டிய கேள்வியே இல்லை. மாற்றத்துக்கு முன்னால் இருந்த பொருளும் பின்னால் இருக்கும் பொருளும் ஒன்றா, வேறா? இதுதான் கேள்வி. இதைச் சுண்ணாம்பு அளவுக்குத் தெளிவாகச் சொல்லித் தரும் பொருள் வேறு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

சுண்ணாம்புக்கல், கிளிஞ்சல், சங்கு, பவளப்பாறை, முட்டையோடு எல்லாமே பெரும்பகுதி ஒரே பொருள்: கால்சியம் கார்பனேட். அரியலூர்ப் பக்கம் ஒரு காலத்தில் கடல் இருந்தது. அங்கே சேர்ந்த கடலுயிர்களின் ஓடுகள்தான் கோடிக்கணக்கான ஆண்டுகளில் இறுகி, இன்றைக்கு சிமென்ட் ஆலைகள் வெட்டியெடுக்கும் கல்லாகியிருக்கின்றன. யாழ்ப்பாணக் குடாநாடு மொத்தமும் சுண்ணாம்புக் கல்லின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. கல் கிடைக்காத கடலோரத்தில் கிளிஞ்சலைப் பொறுக்கிச் சுட்டார்கள். பழவேற்காடு ஏரியின் கிளிஞ்சல் அப்படித்தான் சுண்ணாம்பானது.

இந்தக் கல்லைச் சம்மட்டியால் உடைத்து, சலித்து, பவுடராக அரைத்தாலும் அது கால்சியம் கார்பனேட்தான். ஒரு துளி எலுமிச்சைச் சாறு விட்டால் முழுக் கல் எப்படி நுரைக்குமோ, தூளும் அப்படியே நுரைக்கும். உருவம் அடியோடு மாறிவிட்டது, பொருள் மாறவில்லை. இது இயற்பியல் மாற்றம்.

இப்போது அதே கல்லை விறகோடும் கரியோடும் அடுக்கிக் காளவாயில் ஏற்றுங்கள். ஏறக்குறைய 900 டிகிரி செல்சியஸ் வரை சூடேறி, ராவும் பகலும் எரிந்து, ஆறிய பிறகு வெளியே எடுத்தால் கட்டி அதே கட்டி மாதிரிதான் இருக்கும். அதே மூலை, அதே முனை. கையில் எடுக்கும்போதுதான் தெரியும், கிட்டத்தட்டப் பாதி எடை காணோம். கால்சியம் கார்பனேட் இரண்டாகப் பிரிந்து கார்பன் டை ஆக்சைடு காற்றோடு போய்விட்டது, மிஞ்சியது கால்சியம் ஆக்சைடு. 100 கிலோ சுத்தமான கல் முழுதாகச் சுடப்பட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும், 44 கிலோ வாயு வெளியேறும். ஒரு பொருள் வெப்பத்தால் உடைந்து இரண்டு பொருளாக மாறுவதை வேதியியலில் சிதைவு வினை என்பார்கள். இங்கே உருவம் மாறவே இல்லை, பொருள் வேறாகிவிட்டது. தூளாக்கிய கல்லையும் சுட்ட கட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணை நம்பக் கூடாது என்பது விளங்கிவிடும். மாறியது போலத் தெரிகிற தூள் மாறவில்லை. மாறாதது போலத் தெரிகிற கட்டி மாறிவிட்டது.

அந்தக் கட்டியைத்தான் தாத்தா டிரம்மில் போட்டார். கால்சியம் ஆக்சைடு தண்ணீரோடு சேர்ந்து கால்சியம் ஹைட்ராக்சைடு ஆகிறது, அதாவது நீற்றிய சுண்ணாம்பு. இரண்டு பொருள் சேர்ந்து ஒன்றாவதால் இது சேர்க்கை வினை. 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு 18 கிலோ தண்ணீரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு 74 கிலோவாகும். சேர்த்துக்கொள்வது என்றால் ஈரமாவது இல்லை. அளவாகத் தண்ணீர் தெளித்து நீற்றினால் கிடைப்பது உலர்ந்த வெள்ளைத் தூள். நாம் ஊற்றிய தண்ணீர் அதற்குள் தண்ணீராகவே இல்லை. இந்த வினையில் வெளிவரும் வெப்பம் சாதாரணமானது இல்லை. ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு நீறும்போது வரும் வெப்பம், வீணாகாமல் பிடிக்க முடிந்தால், மூன்றரை லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். வெப்ப உமிழ் வினை என்று புத்தகத்தில் படிப்பது இதைத்தான். அதனால்தான் தண்ணீரில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். குவித்து வைத்த சுண்ணாம்பின் மேல் தண்ணீரைக் கொட்டினால் கொதிக்கும் குழம்பு முகத்துக்குத் தெறிக்கும்.

தாத்தா சொன்ன விளக்கத்தை ஐரோப்பிய அறிஞர்களும் பதினெட்டாம் நூற்றாண்டில் அப்படியே நம்பினார்கள் என்று பின்னால் படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. சாதுவான கல், காளவாயிலிருந்து தோலை அரிக்கும் பொருளாக வெளியே வருகிறது. அப்படியானால் நெருப்பில் உள்ள ஏதோ ஒன்று கல்லுக்குள் புகுந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அதைத் தராசை வைத்துப் பொய்யாக்கியவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜோசப் பிளாக். மருத்துவப் பட்டத்துக்காக 1754இல் எடின்பரோவில் சமர்ப்பித்த ஆய்வை விரித்து 1756இல் அச்சில் வெளியிட்டார். சிறுநீர்ப்பைக் கல்லைக் கரைக்கச் சுண்ணாம்பு நீர் கொடுத்துவந்த காலம் அது. அதைவிட மென்மையான மருந்து தேடித்தான் அவர் ஆய்வில் இறங்கினார்.

அவர் செய்ததில் ஒரு சோதனையை மட்டும் சொல்கிறேன். 120 கிரெயின் எடையுள்ள சீமைச் சுண்ணாம்பை (இதுவும் கால்சியம் கார்பனேட்தான்), நம் கணக்கில் எட்டு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, நன்றாகச் சுட்டார். மிஞ்சியது 68 கிரெயின். நெருப்பு உள்ளே புகுந்திருந்தால் எடை கூட அல்லவா வேண்டும்? குறைந்துவிட்டது. அந்த 68 கிரெயினைத் தூளாக்கி, சாம்பலிலிருந்து எடுக்கும் கார உப்பின் கரைசலில் போட்டார். கழுவி உலர்த்தி நிறுத்தால் 118 கிரெயின். சாதுவான சீமைச் சுண்ணாம்பு திரும்பி வந்துவிட்டது, இரண்டு கிரெயின் மட்டும் குறைவு. கல்லிலிருந்து ஒரு வாயு போனதால்தான் அது காரமானது, கார உப்பிலிருந்து அந்த வாயுவைத் திரும்பக் கொடுத்தால் கல் திரும்பிவிடும் என்று எடைக் கணக்கிலேயே நிறுவிவிட்டார். நாம் இன்று கார்பன் டை ஆக்சைடு என்று சொல்லும் அந்த வாயுவுக்கு அவர் வைத்த பெயர் 'நிலைத்த காற்று'. 120க்கு 68 என்றால் 100க்கு 56.7. இன்றைய கணக்கு 56. இருநூற்று எழுபது ஆண்டுக்கு முன்னால், மூலக்கூறு எடை என்ற எண்ணமே பிறக்காத காலத்தில், ஒரு கைத்தராசில் வந்த எண் இது.

சரி, தாத்தாவின் எந்தப் பாதி சரி? பொருள் கணக்கில் அவர் சொன்னது தப்பு: கல் எதையும் குடிக்கவில்லை, இழக்கத்தான் செய்தது. ஆற்றல் கணக்கில் அவர் சொன்னது சரி. 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு உருவாவதற்குக் கல் காளவாயில் வாங்கிக்கொள்ளும் வெப்பம் சுமார் 178 கிலோஜூல். டிரம்மில் நீறும்போது அதில் 65 கிலோஜூல் திரும்புகிறது. உண்மையிலேயே காளவாயின் நெருப்புதான் அங்கே கொதித்தது. மீதி 113 என்ன ஆனது? அது சுவருக்குப் போகிறது.

நீற்றிய சுண்ணாம்பை வடிகட்டி, கொஞ்சம் நீலமும் பசையும் கலந்து, நார் மட்டையால் அடிக்கும்போது சுவர் வெள்ளையாகவே தெரியாது. அடித்த இடம் சாம்பலாக, பழைய கறையெல்லாம் அப்படியே தெரியும். சின்ன வயதில் 'இது வேலைக்கு ஆகாது' என்று தோன்றும். மறுநாள் காலையில் பார்த்தால் கண்ணைப் பறிக்கும் வெண்மை. இந்த முதல் வெளுப்பில் பெரும்பங்கு இயற்பியல்தான். ஈரம் இருக்கும்வரை சுண்ணாம்புத் துகள்களுக்கு நடுவே தண்ணீர் நிறைந்திருந்து ஒளியை உள்ளே விடுகிறது. தண்ணீர் ஆவியாகி அந்த இடத்தில் காற்று வந்ததும் ஒளி எல்லாப் பக்கமும் சிதறுகிறது, நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. இப்போது கையால் தேய்த்தால் உள்ளங்கை வெள்ளையாகும், சட்டையில் ஒட்டும்.

அதற்குப் பிறகு நடப்பதுதான் கண்ணுக்குத் தெரியாத வேலை. காற்றில் இருக்கும் சொற்பக் கார்பன் டை ஆக்சைடை, பத்தாயிரம் பங்கில் நாலு பங்குக்குச் சற்று மேல், சுவர் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொள்கிறது. கால்சியம் ஹைட்ராக்சைடு திரும்பவும் கால்சியம் கார்பனேட் ஆகிறது. அந்த 113 கிலோஜூல் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் வெளியேறுகிறது. 65, 113, கூட்டினால் 178. காளவாயில் வாங்கிய கடன் முழுதும் தீர்ந்தது. சில வாரம் கழித்து அதே சுவரைத் தேய்த்துப் பாருங்கள், கையில் ஒட்டுவது குறைந்திருக்கும். சுவர் மேல் இருப்பது இப்போது கல். அரியலூரில் வெட்டியது எதுவோ அதுவே, மெல்லிய தோலாக.

செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களும் தூண்களும் பளிங்கு மாதிரி மின்னுவதற்கு அடியிலும் இதே வினைதான். நன்றாக ஊறவைத்து அரைத்த சுண்ணாம்பு, மெல்லிய பல பூச்சுகள், முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய், அப்புறம் மணிக்கணக்கில் தேய்ப்பு. சுண்ணாம்பு வெறுமனே காய்ந்துபோனால் உதிரும், ஈரத்தோடு காற்றைச் சேர்த்துக்கொண்டால் இறுகும். அதனால்தான் பழைய கொத்தனார்கள் பூச்சைச் சீக்கிரம் காயவிடமாட்டார்கள், தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள்.

இதைப் பார்க்க வெள்ளையடிக்கும் நாள் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பில் கொஞ்சம் எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கி, மூடி வைத்துத் தெளியவிடுங்கள். மேலே நிற்கும் தெளிநீர்தான் சுண்ணாம்பு நீர். லிட்டருக்கு ஒன்றரை கிராமுக்குக் கொஞ்சம் மேல்தான் அதில் சுண்ணாம்பு கரைந்திருக்கும். அதை வேறு டம்ளருக்கு மெல்ல வடித்து, திறந்தபடி ஒரு மூலையில் ஆடாமல் வையுங்கள். சில மணி நேரத்தில் நீரின் மேல் கண்ணாடி போல ஓர் ஏடு படரும். விரல் நகத்தால் தொட்டால் சத்தமே இல்லாமல் உடைந்து சில்லு சில்லாகக் கீழே இறங்கும். அந்தச் சில்லு, காற்றும் சுண்ணாம்பும் சந்தித்த இடத்தில் பிறந்த கல். காற்றே படாமல் தண்ணீருக்கடியில் மூடிவைத்த சுண்ணாம்புக் குழம்பு வருஷக்கணக்கில் குழம்பாகவே இருக்கும், இறுகாது.

அவசரமாகப் பார்க்க வேண்டுமென்றால் ஸ்டிராவால் ஊதுங்கள், மறந்தும் உறிஞ்சக் கூடாது. நம் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு காற்றைப் போல நூறு மடங்கு இருப்பதால் சில நொடியிலேயே நீர் பால் போலாகும். பள்ளியில் இதோடு நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாமல் ஊதிக்கொண்டே இருந்தால், பொறுமை இருந்தால், பால் கலங்கல் தெளியத் தொடங்கும். அதிகப்படியான கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் சேர்ந்து கல்லையே கரையக்கூடிய கால்சியம் பைகார்பனேட்டாக மாற்றுகின்றன. அந்தத் தெளிந்த நீரைச் சூடாக்கினால் மறுபடி கலங்கும். போர் தண்ணீர் கொதிக்க வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்து, சபீனா போட்டுத் தேய்த்தாலும் போகாமல் நிற்கிறதே, அது இதுவேதான். தண்ணீர் கொதிப்பது இயற்பியல் மாற்றம் என்பது சரி. ஆனால் அதே பாத்திரத்தில் அதே நேரத்தில் ஒரு சிதைவு வினையும் நடக்கிறது, அதன் மிச்சம்தான் அந்தப் படிவு. அதைப் போக்கப் புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்ப்போம். அமிலம் கார்பனேட்டைக் கரைத்து வாயுவாக வெளியேற்றுகிறது.

ஆரத்தித் தட்டில் நடப்பதும் இந்தக் குடும்பத்துச் செய்திதான். மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு சேர்த்ததும் இரத்தச் சிவப்பு. சுண்ணாம்பின் காரம் மஞ்சளில் உள்ள குர்குமினிலிருந்து ஹைட்ரஜனைப் பறிக்கிறது, நிறம் மாறுகிறது. உடனே எலுமிச்சைச் சாறு பிழிந்தால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று நடுநிலையாக்கி, மஞ்சள் திரும்பிவிடும். அதே ஆரத்தி நீரை ராத்திரி முழுக்க வைத்திருந்து காலையில் பிழிந்தால் பழைய மஞ்சள் முழுசாக வராது, ஏனென்றால் காரத்தில் குர்குமின் மெல்ல மெல்லச் சிதைந்துபோகும். ஒரே தட்டில் இரண்டு வேதியியல் மாற்றம், ஒன்று மீளும், ஒன்று மீளாது. மீளும் மீளாது என்பதை வைத்து இனம் பிரிக்க முடியாது என்று நான் சொல்வதற்கு இதைவிடக் கையில் அகப்படும் சாட்சி இல்லை.

நிறம் மாறினால், வாயு வந்தால், சூடானால், வீழ்படிவு தோன்றினால் வேதியியல் மாற்றம் என்று இன்னொரு பட்டியல் உண்டு. அவற்றை அடையாளம் என்று எடுத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. ஈரச் சுவர் காய்ந்து வெளுத்தது நிற மாற்றம்தான், வேதியியல் இல்லை. கொதிக்கும் நீரில் குமிழ் வருகிறது, அது நீராவி. உப்பு நீரை வற்ற வைத்தால் திடப்பொருள் தோன்றுகிறது, அது ஏற்கெனவே கரைந்திருந்த அதே உப்பு. அடையாளத்தைப் பார்த்த பிறகும் 'பொருள் மாறியதா?' என்று ஒருமுறை கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்று பாரபட்சத்துக்குச் சொல்வோம். அந்தச் சொல்லுக்குள் இருக்கும் பயம் நிஜமானது. வெற்றிலைச் சுண்ணாம்பு இன்று சின்ன பிளாஸ்டிக் பாக்கெட்டில் வருகிறது. குழந்தைகள் அதை அழுத்தி விளையாடும்போது வெடித்து நேரே கண்ணில் தெறிக்கிறது. கண் மருத்துவர்கள் இதைத் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறார்கள். அமிலத்தைவிடக் காரம் கண்ணுக்குக் கொடியது. கண்ணின் புரதத்தையும் கொழுப்பையும் கரைத்துக்கொண்டு ஆழமாக இறங்கிக்கொண்டே போகும். பட்டால் உடனே, ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல், ஓடும் சுத்தமான தண்ணீரில் குறைந்தது 15 நிமிடமாவது இமையைத் திறந்து பிடித்துக் கழுவி, அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். எலுமிச்சையால் நடுநிலையாக்கலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. டம்ளரில் செய்வதைக் கண்ணில் செய்தால் காயத்தின் மேல் காயம். பாக்கெட்டைக் குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள், இதை நான் கெஞ்சியே கேட்கிறேன்.

இப்போது வெள்ளையடிப்பவர்கள் குறைந்துவிட்டார்கள், ஆனால் சுண்ணாம்புக்கல்லைச் சுடுவது பல மடங்கு கூடியிருக்கிறது, சிமென்டுக்காக. கல்லையும் களிமண்ணையும் சேர்த்து ஏறக்குறைய 1,450 டிகிரியில் சுடுகிறார்கள். காளவாயில் போன அதே 44 பங்கு இங்கேயும் புகைபோக்கி வழியாகப் போகிறது. உலகம் வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய 7 சதவீதம் சிமென்ட் தொழிலுடையது. அதில் பாதிக்கு மேல் எரிபொருளிலிருந்து வருவது இல்லை, கல்லிலிருந்தே வருவது. சூரிய மின்சாரத்தில் சுட்டாலும் அந்தப் பங்கு குறையாது.

சிமென்ட் இறுகுவதற்குக் காற்று வேண்டாம், தண்ணீரோடு சேர்ந்தே இறுகும், தண்ணீருக்கடியிலும் இறுகும். அப்படி இறுகும்போது உள்ளே கால்சியம் ஹைட்ராக்சைடும் உண்டாகிறது. அந்தக் காரம்தான் கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. ஆனால் காற்றின் கார்பன் டை ஆக்சைடு நுண்துளை வழியாக உள்ளே நுழைந்து, தாத்தாவின் சுவரில் செய்த அதே வேலையைச் செய்கிறது. ஹைட்ராக்சைடு கார்பனேட் ஆகிறது, காரம் தணிகிறது. நல்ல கலவையில் இது ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நகராது. மணல் கூடி சிமென்ட் குறைந்த கலவையில் வேகமாக ஓடும். கம்பியைத் தொட்டதும் பாதுகாப்புப் போய், ஈரம் இருந்தால் துருப்பிடிக்கத் தொடங்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், உள்ளிருந்தே கான்கிரீட்டை நெட்டித் தள்ளும். பழைய சன்ஷேடின் அடியில் பட்டை பட்டையாகப் பெயர்ந்து செம்பழுப்புக் கம்பி தெரிவது இதனால்தான். சுண்ணாம்புச் சுவரை இறுக்கிய வினையே இங்கே கட்டடத்தின் ஆயுளைக் குறைக்கிறது.

கான்கிரீட்டில் எவ்வளவு தூரம் இந்த மாற்றம் உள்ளே வந்திருக்கிறது என்று பார்க்கப் பொறியாளர்களிடம் ஒரு வழி இருக்கிறது. கான்கிரீட்டைக் கொஞ்சம் உடைத்து, புதிதாகத் தெரியும் முகத்தில் பினாப்தலின் கரைசலைத் தெளிப்பார்கள். காரம் மிஞ்சியிருக்கும் இடம் பளிச்சென்று ரோஜா நிறமாகும். கார்பனேட்டாகிவிட்ட இடம் நிறமே காட்டாது. வெளி ஓரத்திலிருந்து ரோஜா தொடங்கும் கோடு வரை ஸ்கேலை வைத்து அளந்து, கம்பி அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பார்ப்பார்கள்.